ஜெர்மன் பேசும் அடுப்பு

உலகத்தில் இதுவரை நடந்த உருப்படியான விஞ்ஞானம் அத்தனையும் வாயை மூடிக்கொண்டு செய்யப்பட்டதுதான் என்று ராபர்ட் அறிவித்தான்.

1939, மாசி மாதத்து மத்தியானம். ஸ்ரீவில்லிபுத்தூரில் அவன் ரசாயனம் சொல்லிக்கொடுத்த பள்ளிக்கூடத்தின் ஆசிரியர் அறை. அவனைத் தவிர அங்கே மூன்று பேர் இருந்தார்கள். அதில் இருவர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஆகவே பெரிய மறுப்பு எதுவும் எழவில்லை.

“பேசிக்கிட்டே வேலை செய்யுதவன் சமையக்காரன். பேசாமச் செய்யுதவன் விஞ்ஞானி. ரெண்டு பேரையும் பிரிக்கிற கோடு உதட்டுலதான் சார் இருக்கு” என்றான்.

இதை அவன் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. வேடிக்கை அவனுக்குப் பிறவியிலேயே விட்டுப்போயிருந்தது. திராவகம் ஊற்றும்போது உதட்டை அசைக்கிற பையன்களை அவன் வெயிலில் நிறுத்திவைப்பான். அந்த வருஷம் ஆறாம் பாரம் முழுவதுமே இரண்டு சாயல் கறுத்திருந்தது.

விழித்திருந்த மூன்றாவது ஆள் தலைமையாசிரியர் வேதசிரோமணி. அவர் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார்.

“அது கெடக்கட்டும்வே. ஜெர்மன் பரீட்சை என்னாச்சு?”

ராபர்ட் உடனே விஞ்ஞானியாகிவிட்டான். அதன்பின் மணி அடிக்கும்வரை அந்த அறையில் அவன் குரல் கேட்கவில்லை.

ரசாயனத்தில் டாக்டர் பட்டம் வாங்குவது எப்படி என்று சர்வகலாசாலை ஒரு விதிப்புத்தகம் போட்டிருந்தது. பதினான்கு பக்கம். அதன்படி, பட்டம் வேண்டுகிறவன் இதற்கு முன் உலகத்தில் எவரும் கண்டறியாத ஒன்றைக் கண்டறிய வேண்டும். அதையே ஏற்கெனவே பலபேர் சொல்லியிருக்கிறார்கள் என்று அடிக்குறிப்பு போட்டும் காட்ட வேண்டும். ராபர்ட் நிலாவாரை இலையைத் தேர்ந்தெடுத்தான். திருநெல்வேலிச் சீமை நிலாவாரை கப்பலேறி உலகமெல்லாம் போய் மலச்சிக்கலைத் தீர்க்கிறது. ஆனால் அதற்குள் இருந்து அந்த வேலையைச் செய்கிற பொருள் எது என்று யாருக்கும் தெளிவாகத் தெரியாது. அதைப் பிரித்து எடுத்து, பளிங்காக்கி, அது எத்தனை டிகிரியில் உருகும் என்று சொல்வதே அவன் ஆய்வு.

நான்கு வருஷம் அதிலேயே போயிற்று. இலையைக் காய வைத்தான். சாராயத்தில் ஊற வைத்தான். அந்தச் சாராயத்துக்கு அனுமதி வாங்க ஆறு மாதம் அலைந்தான். வாங்கிய பிறகு சுங்கக்காரர் வாரம் ஒருமுறை வந்து, அதைக் குடிக்கவில்லை என்பதற்குச் சாட்சியாக அவன் வாயை மோந்து பார்த்துவிட்டுப் போனார். பள்ளிக்கூட ஆய்வறையில் மாலை நேரங்களில் காய்ச்சி வடித்தான். ஊரில் அவனை நிலாவாரை வாத்தியார் என்றார்கள். தேரடி வீதியில் நடந்துபோனால் வயிற்றுக்கோளாறு உள்ளவர்கள் தயங்கித் தயங்கி ஓரமாகக் கூப்பிட்டார்கள். ஆய்வேட்டை நான்கு பிரதி டைப் அடித்து அனுப்பினான். இடது ஓரம் ஒன்றரை அங்குலம் விடவில்லை என்று நான்கும் திரும்பி வந்தன. மறுபடி அடித்தான். லண்டனில் ஒருவரும் கல்கத்தாவில் ஒருவரும் வாசித்துவிட்டு, பரவாயில்லை என்ற அர்த்தத்தில் தலா ஒன்பது பக்கம் எழுதினார்கள்.

எல்லாம் முடிந்தபின் விதிப்புத்தகத்தின் பதினோராம் பக்கம் மட்டும் பாக்கி நின்றது. ரசாயன நூல்களில் முக்கால்வாசியை ஜெர்மானியர் எழுதி வைத்துவிட்டபடியால், மனுதாரர் அந்த மொழியில் ஒரு பக்கத்தை, அகராதி இல்லாமல், மூன்று மணி நேரத்தில் மொழிபெயர்க்க வேண்டும். மூன்று தடவை உட்காரலாம். மூன்றாவதிலும் தவறினால் ஆய்வேடு வந்த வழியே திருப்பி அனுப்பப்படும்.

ராபர்ட் இரண்டு தடவை உட்கார்ந்து எழுந்துவிட்டான். இலக்கணம் அவனுக்கு மனப்பாடம். எந்தச் சொல் ஆண்பால், எது பெண்பால், வினைச்சொல் வாக்கியத்தின் எந்த மூலையில் போய் ஒளிந்துகொள்ளும் என்பதெல்லாம் சொல்வான். அந்த வினைச்சொல்லுக்கு என்ன அர்த்தம் என்பது மட்டும் பரீட்சை அறைக்குள் போனதும் காணாமல் போய்விடும். முதல் தடவை மூன்று மணி நேரத்தில் ஏழு வரி. இரண்டாம் தடவை நான்கு.

திருநெல்வேலிப் பக்கத்துக் கல்லூரி ஒன்று ஜூன் மாதம்வரை அவனுக்காக ஓர் உபாத்தியாயர் இடத்தைக் காலியாக வைத்திருந்தது. பட்டத்தோடு வந்தால் அவனுக்கு. இல்லாவிட்டால் வரிசையில் அடுத்தவனுக்கு. மூன்றாம் பரீட்சை பங்குனிக் கடைசியில்.

வீட்டில் அவன் மனைவி செல்லத்தாய் இதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. பேசினால் ஒரே விஷயம்தான்.

“ஏங்க, நாலு வருசமா கட்டில்ல இலை படுத்திருக்கு. நாம தரையில படுத்திருக்கோம். இந்தத் தடவையும் போச்சுன்னா இலையை என்ன செய்ய?”

“போகாது.”

“போகாட்டி நல்லதுதான். போச்சுன்னா சொல்லுதேன். ஆட்டுக்குப் போட்டா ஆடும் தாங்காது.”

இந்த நிலையில்தான் வேதசிரோமணி ஒருநாள் படியிறங்கும்போது அவன் தோளைத் தொட்டார்.

“ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டுகிட்ட மதார் சாகிப்னு ஒருத்தர் ஓட்டல் வச்சிருக்காருவே. முந்தி மில்லுக்கு மிஷின் மாட்ட வந்த ஜெர்மன் பிட்டர்கிட்ட ரெண்டரை வருசம் சமையலுக்கு இருந்தவரு. இன்னமும் ஜெர்மன்லதான் சமைக்காரு. போய்ப் பாரும்.”

“சமையக்காரர்கிட்டயா சார்?”

“ஆமா. வாயை மூடிக்கிட்டுத்தான் நீரு ரெண்டு தடவை போய்ட்டு வந்துட்டீருல்லா.”

சனிக்கிழமை சாயங்காலம் ராபர்ட் ஏழு மைல் புழுதியை பஸ்ஸில் விழுங்கிக்கொண்டு ராஜபாளையம் போனான். பாடம் கேட்கப் போகவில்லை. ஒரு டீ குடித்துவிட்டு வரத்தான் போகிறோம் என்று தனக்குத் தானே விளக்கிக்கொண்டான்.

மதார் சாகிப்புக்கு அவன் வயதுதான் இருக்கும், முப்பது முப்பத்தொன்று. முண்டா பனியனும் கட்டம்போட்ட கைலியுமாக மூன்று அடுப்புக்கு நடுவே நின்றுகொண்டிருந்தார். கடையில் மில் ஷிப்டு முடிந்து வந்தவர்கள் பத்துப் பேர். ஒருவர்கூட அவர் பேச்சைக் கவனித்ததாகத் தெரியவில்லை. அவர் பேசிக்கொண்டே இருந்தார். மனிதர்களோடு அல்ல.

“இஷ் வாஷெ” என்றார் கத்தரிக்காயிடம். கழுவினார். “இஷ் ஷ்னைடெ” என்றார். நறுக்கினார். பிறகு கொதிக்கிற பானைப் பக்கம் திரும்பி, வெளியே யாரோ உட்கார்ந்திருப்பதுபோல உரக்க, “வாஸர் கோஹ்ட்” என்று தெரிவித்தார். தண்ணீர் கொதித்தது.

“பாய், ஜெர்மன்ல ஒரு டீ” என்றான் மூலையில் ஒருவன்.

“குடிச்சதுக்குப் பொறவு தமிழ்லயே போயிரு” என்றார் மதார் சாகிப், திரும்பாமலே.

ராபர்ட் டீயைக் குடித்தான். தான் யார், எதற்கு வந்தோம் என்று சொன்னான். அப்படியே அந்தப் பேச்சு எதற்கு என்றும் கேட்டான்.

“அது பழகிப்போச்சு சார்” என்றார் மதார் சாகிப். “பிட்டர் துரை வந்த மொத வாரமே நம்ம ஊர்த் தண்ணியக் குடிச்சுட்டுப் படுத்துட்டாரு. எந்திரிச்சதும் ஒரு சட்டம் போட்டாரு. அவரு வராந்தால நாற்காலி போட்டு உக்காந்திருப்பாரு. உள்ள நான் என்ன செய்தாலும் செய்யும்போதே சத்தமாச் சொல்லணும். கழுவுதேன்னு சொன்னாத்தான் கழுவுனதா கணக்கு. சொல்லாமச் செஞ்சா தட்டத் தொட மாட்டாரு. தண்ணி கொதிச்சிருச்சுன்னு சொன்னா, நோஹ் ஐன்மால்னுவாரு. இன்னொரு தடவை. மறுபடி கொதிக்க வைப்பேன். தெனமும் மூணு கொதி.”

“வாசிக்கத் தெரியுமா?”

“தமிழே எழுத்துக் கூட்டித்தான் சார்.”

ராபர்ட் பெருமூச்சு விட்டான். வாசிக்கத் தெரிந்தவனுக்கு அர்த்தம் தெரியவில்லை. அர்த்தம் தெரிந்தவருக்கு வாசிக்கத் தெரியவில்லை. நடுவில் ஒரு கத்தரிக்காய்க் கூட்டு.

திங்கட்கிழமை ஆசிரியர் அறையில் அவன் இதை நடித்தே காட்டினான். விசிறியைக் கரண்டியாகப் பிடித்துக்கொண்டு, கூஜாவைப் பார்த்து “இஷ் வாஷெ” என்றான். தூங்கிக்கொண்டிருந்த இருவரும் எழுந்து சிரித்தார்கள்.

“அடுப்புக்கு ஜெர்மன் தெரியும்னு அந்த ஆளு நம்புதாரு சார். செத்த நேரம் நின்னு பாத்தேன், அடுப்பு என்ன பதில் சொல்லுதுன்னு. புகையத்தான் செஞ்சுது” என்றான்.

“அப்போ இனிமே போக மாட்டீரு” என்றார் வேதசிரோமணி.

“போவேன் சார். வேற வழி?”

போனான். சனி, ஞாயிறு இரண்டு நாளும், ஐந்து வாரம். ஜெர்மன் ரசாயனப் பத்திரிகைகளின் பழைய பக்கங்களைச் சென்னையிலிருந்து எழுதி வாங்கியிருந்தான். அவற்றை மடியில் விரித்துக்கொண்டு, அடுப்புக்கு நாலடி தள்ளி முக்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாக உரக்க வாசித்தான்.

முதலில் மதார் சாகிப்பை ஒரு மேஜையின் எதிரில் உட்காரவைத்து, முறையாக, அமைதியாகப் பாடம் நடத்தத்தான் முயன்றான். அது அரை மணி நேரம்கூட நடக்கவில்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் மதார் சாகிப் கூரையைப் பார்த்தார்.

“உக்காந்துக்கிட்டு எனக்கு வரலை சார். கை ஓடுனாத்தான் வாய் ஓடும். நான் எந்திரிக்கட்டுமா?”

எழுந்ததும் வந்தது. ராபர்ட் “அப்கீஸன்” என்று வாசித்தான். அவர் அரிசிக் கஞ்சியை வடித்துக்கொண்டே, “இதுதான். மேல தெளிஞ்சத மட்டும் ஊத்துறது” என்றார். “ரூரன்” என்றான். அவர் சாம்பாரைக் கிண்டிக்காட்டினார். “லங்ஸாம்” என்றான். கரண்டி மெதுவாயிற்று. “ஸவர்” என்றான். புளிக்கரைசலை எடுத்து அவன் மூக்குக்கு நேரே நீட்டினார்.

இரண்டாம் வாரம் ராபர்ட்டுக்கு ஒரு சந்தேகம் வந்தது. அது அவனுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. பத்திரிகையில் பொருள்களின் பெயரெல்லாம் அவனுக்கே தெரியும். தெரியாதது அந்தப் பொருள்களை வைத்துக்கொண்டு என்ன செய்தார்கள் என்பது. என்ன செய்தார்கள் என்று பார்த்தால், கழுவினார்கள், நறுக்கினார்கள், கொதிக்க வைத்தார்கள், வடித்தார்கள், ஆற வைத்தார்கள். பெரிய பெரிய பேராசிரியர்கள், தாடியும் கண்ணாடியுமாக, வருஷக்கணக்கில் அதைத்தான் செய்திருக்கிறார்கள். அதைத் தவிர வேறு ஏதாவது செய்திருப்பார்கள் என்று அவன் முப்பது பக்கம் தேடினான். ஒரே ஒரு இடத்தில் ஒருவர் எடை போட்டிருந்தார்.

“என்ன சார், மொகம் வாடிப்போச்சு?”

“ஒண்ணுமில்ல பாய். இதுல ஒருத்தரு இலையை மூணு தடவை கொதிக்க வச்சிருக்காரு.”

“நம்ம துரைக்குச் சொந்தக்காரரா இருக்கும்.”

கடையில் கூட்டம் இல்லாத நேரங்களில் மதார் சாகிப் பத்திரிகைத் தாளை எட்டிப் பார்ப்பார். தனக்குத் தெரிந்த சொல் அந்தக் கறுப்பு எழுத்துகளில் எந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்பார். ராபர்ட் விரலால் தொட்டுக் காட்டுவான்.

“இதுதான் கோஹெனா. இம்புட்டு நீளமா இருக்கு. நான் சின்னதா இருக்கும்னு நெனச்சேன்” என்பார். ஒருமுறை, “துரை போனதுல இருந்து இந்தப் பாஷையில எனக்குப் பதில் சொல்ல ஆளே இல்ல சார். நீங்க வாசிக்கும்போது, தப்பாத்தான் வாசிக்கீங்க, இருந்தாலும் வராந்தால ஆள் இருக்க மாதிரி இருக்கு” என்றார்.

ராபர்ட் அடுத்த சொல்லை வாசித்தான்.

அவன் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டான். ஒரு பக்கம் ஜெர்மன், மறு பக்கம் தமிழ். மொத்தம் நூற்று எண்பது சொல். வாரநாள்களில் இரவுச் சாப்பாட்டுக்குமுன் செல்லத்தாய் நோட்டைப் பிடித்துக்கொண்டு தமிழ்ப் பக்கத்தை மறைத்துக் கேட்பாள். அவளுக்கு அந்த எழுத்து வாசிக்க வராததால் விரலை மட்டும் வைப்பாள். அவன் வாயை இறுக மூடிக்கொண்டு யோசிப்பான். நூற்று எண்பதில் நாற்பது வரும். மறுநாள் கேட்டால் அதே நாற்பது வராது. வேறு நாற்பது வரும்.

“ஓட்டல்ல எல்லாம் தெரியுதுன்னு சொன்னீங்க?”

“அங்க தெரியுது.”

“அப்போ பரீட்சைய அங்க வைக்கச் சொல்லி எழுதிப் போடுங்களேன்.”

கடைசி ஞாயிற்றுக்கிழமை அவன் தன் நிலைமையை மதார் சாகிப்பிடம் சொன்னான். மதார் சாகிப் கேட்டுவிட்டு, கையிலிருந்த கரண்டியைக் கைலியில் துடைத்து அவன் பக்கம் நீட்டினார்.

“இந்தாங்க. நீங்க கிண்டுங்க. கிண்டும்போதே சத்தமாச் சொல்லுங்க. நான் வராந்தால உக்காருதேன்.”

கடையில் மில் ஆட்கள் ஆறேழு பேர் இருந்தார்கள். சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

“பாய், நான் எம்.ஏ. படிச்சவன்.”

“படிங்க. யாரு வேண்டாம்னா. கிண்டிக்கிட்டே படிங்க.”

“வேண்டாம்” என்றான் ராபர்ட். நோட்டை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு பஸ் ஏறினான். ஊர் வந்து சேரும்வரை வாயைத் திறக்கவில்லை. திறக்க வேண்டிய அவசியமும் வரவில்லை. பஸ்ஸில் அவனைத் தவிர நாலு கோழிதான்.

வெளியூர் மனுதாரர்களுக்கு வினாத்தாளை முத்திரை வைத்து அந்தந்த ஊர்த் தலைமையாசிரியருக்கே அனுப்புவது வழக்கமாயிருந்தது. புதன்கிழமை காலை பத்து மணிக்கு வேதசிரோமணி தம் அறையில் அரக்கை உடைத்து, ஒரே ஒரு தாளை எடுத்து ராபர்ட்டின் முன் வைத்தார். கதவைச் சாத்தினார். எதிரே நாற்காலியில் சாய்ந்து கைகளை வயிற்றின்மேல் கோத்துக்கொண்டார். “ஜெபம் பண்ணிட்டு ஆரம்பியும்” என்றார்.

ஏதோ ஒரு மரப்பட்டையிலிருந்து மஞ்சள் நிறப் பொருளைப் பிரித்தெடுப்பது பற்றிய பக்கம். பெயர்ச்சொற்கள் எல்லாம் தெரிந்தன. பட்டை, சாராயம், அமிலம், பளிங்கு. ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசியிலும் ஒரு வினைச்சொல் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

ராபர்ட் நோட்டின் பக்கங்களை மனதில் கொண்டுவந்தான். இடது பக்கம் வந்தது. வலது பக்கம் வெள்ளையாக இருந்தது. பத்தரை. பதினொன்று. பேனா முள்ளில் மை காய்ந்தது, தொட்டு வைத்தான், மறுபடி காய்ந்தது. பதினொன்றேகாலுக்கு வேதசிரோமணியின் கண் செருகிற்று. வெளியே ஏதோ ஒரு வகுப்பு வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தது. பத்து நாளாகச் சரியாகத் தூங்காத அசதி முதுகிலிருந்து கழுத்துக்கு ஏறியது. கல்லூரியில் தனக்கு அடுத்து வரிசையில் நிற்பவன் யாராயிருக்கும் என்று யோசித்தான். நல்ல பையனாயிருப்பான், பிரெஞ்சு படித்தவனாயிருப்பான் என்று தோன்றியது. இலையைக் கட்டிலிலிருந்து இறக்கி எங்கே கொட்டுவது என்றும் யோசித்தான். கொஞ்ச நேரம் அவன் எதையுமே நினைக்கவில்லை.

நினைக்காமல் இருந்தபோது வலது கை மேஜைமேல் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. பேனாவின் பின்புறம் காற்றில் எதையோ கிண்டியது. அவன் அதைப் பார்த்தான். மூன்றாவது வாக்கியத்தின் கடைசிச் சொல்லையும் பார்த்தான்.

எழுதினான். “நன்றாகக் கிண்டப்பட்டது.”

கையை நிறுத்தினான். அடுத்த சொல் மூடிக்கொண்டது. தலைமையாசிரியரை ஒருதரம் பார்த்தான். இமை அசையவில்லை. கையை மேஜைக்குக் கீழே கொண்டுபோய் எதையோ அலசுவதுபோல அசைத்தான். போதவில்லை. உதடு பிரிந்தது.

“இஷ் வாஷெ” என்றான், காதுக்கே கேட்காத அளவில்.

முதல் வாக்கியம் திறந்தது. பட்டை குளிர்ந்த நீரில் கழுவப்பட்டது. மேஜை விளிம்பில் உள்ளங்கையை வைத்து வெட்டினான்: பொடிப்பொடியாக நறுக்கப்பட்டது. கொதிக்கிறதா என்று எட்டிப் பார்ப்பவன்போலத் தலையைக் குனிந்தான். தாடைக்கடியில் ஆவி அடிப்பதுபோலவே இருந்தது. சாராயத்தில் மெதுவாக, மெதுவாக. “லங்ஸாம்” என்று மூச்சுக்குள் சொன்னான். அந்த ஜெர்மானியர் பட்டையை ஒருமுறை கொதிக்க வைத்து முடித்ததும், தாளில் பிட்டர் துரையின் அதே இரண்டு சொல் நின்றது. ராபர்ட் சலிப்போடு தலையை ஆட்டினான். “நோஹ் ஐன்மால்” என்றான். மறுபடி ஒருமுறை கொதிக்க வைத்தான்.

பன்னிரண்டேகாலுக்குப் பதினெட்டு வரி ஆகியிருந்தது. இன்னும் ஆறு.

“என்னவே” என்றார் வேதசிரோமணி, கண்ணைத் திறக்காமல். “யார்கிட்டப் பேசுதீரு?”

ராபர்ட்டின் கை அந்தரத்தில் நின்றது.

“யார்கிட்டயும் இல்ல சார்.”

அவர் இமைகள் மூடியேதான் இருந்தன. வெற்றிலை மட்டும் ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குப் போயிற்று. ராபர்ட் பிறகு நாற்காலியைச் சத்தமில்லாமல் சற்றே சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, மைக்கூட்டின்மேல் குனிந்து, இல்லாத பாத்திரத்தை இரண்டு கையாலும் சரித்துப் பிடித்தான். அடியில் தங்கிய கசடு கலங்காமல், மேலே தெளிந்ததை மட்டும் ஊற்றத் தொடங்கினான். ஊற்றுகிறேன், ஊற்றுகிறேன் என்று அதனிடம் மெல்லச் சொல்லிக்கொண்டே.